பொது வளவில் நொண்டும் குதிரை: நாம் என்ன செய்யலாம்?



இங்கிலாந்துக்குப் புதிதாக வந்து, நகரத்தின் ஓரத்தில் வீடு கிடைத்த எம்மவர் சிலருக்கு வீட்டுக்குப் பின்னால் ஒரு குதிரை வளவு இருப்பது வியப்பாக இருக்கும். ஊரில் குதிரை என்றால் கோயில் வாகனம். நெடுந்தீவுக்குப் போனவர்கள் அங்கே கட்டாக்காலியாகத் திரியும் குதிரைகளைக் கண்டிருப்பார்கள். அவ்வளவுதான். இங்கோ சாதாரண வேலை செய்பவர்களும் குதிரை வைத்திருக்கிறார்கள். சொந்தக் காணி இல்லாதவர்கள் பொது வளவொன்றில் ஒரு கொட்டிலை வாடகைக்கு எடுத்து, காலையும் மாலையும் வந்து தாங்களே பராமரிப்பார்கள்.

இந்தப் பொது வளவு எங்கள் ஊர்ப் பங்குக் கிணறு மாதிரி. முறை வைத்து இறைக்க எல்லோரும் வருவார்கள். கிணற்றைக் கலக்கி இறைத்துத் துப்பரவாக்க வேண்டும் என்றால் ஆளை ஆள் பார்ப்பார்கள். வளவில் ஒருவருடைய குதிரை கவனிப்பாரற்று நொண்டத் தொடங்கினாலும் இதுதான் நடக்கிறது. "அது அவருடைய குதிரை" என்று மற்றவர்கள் விட்டுவிடுகிறார்கள். அந்த வழியால் போகும் நாமும் "வந்த இடத்தில் எமக்கேன் வம்பு" என்று போய்விடுகிறோம். வலியோடு நிற்பது வாயில்லாச் சீவன்.

எது வழக்கம், எது வருத்தம்?

முதலில் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். குதிரை நின்றபடியே தூங்கும். பின்னங்கால் ஒன்றை மடித்து ஆறுதல் எடுப்பது அதன் வழக்கம். கோடையில் கண்ணைக் கட்டியிருப்பதுபோலத் தெரிவது இலையானுக்குப் போடும் வலை. அதனூடாகக் குதிரைக்குக் கண் தெரியும்.

ஆனால் முன்னங்கால் ஒன்றில் பாரம் போடாமல் நின்றாலோ, நடக்கும்போது தலையை மேலும் கீழும் ஆட்டிக் கெந்தினாலோ காலில் நோவு உண்டு. முன்னங்கால்கள் இரண்டையும் முன்னுக்கு நீட்டி, உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து, அசைய மறுத்து நின்றால் அது பெரும்பாலும் லமினைட்டிஸ். குளம்பின் உட்புற இழையம் அழன்று, குளம்புக்குள் இருக்கும் எலும்பைத் தாங்க முடியாமற் போகும் நோய் இது. கொழுத்த குதிரை சத்து மிகுந்த வசந்தகாலப் புல்லை அளவுக்கு மீறித் தின்றாலும் வரும். ஆகவே உடம்பு பருத்த குதிரை நன்றாக இருக்கிறது என்று நினைக்கக் கூடாது.

குளம்பும் எங்கள் நகம் போல வளர்ந்துகொண்டே இருக்கும். ஆறு முதல் எட்டுக் கிழமைக்கு ஒருமுறை அதைச் சீவ வேண்டும். பல மாதம் விட்டால் நீண்டு, செருப்பின் நுனி போல மேல்நோக்கி வளையும். அதைக் கண்டால் கவனிப்பில்லை என்பது நிச்சயம்.

நான் கண்டது

எங்கள் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து நான் வரும் நடைபாதை ஒரு குதிரை வளவின் ஓரமாகப் போகிறது. சென்ற வருடம் மே மாதம், ஒரு கபிலநிறச் சிறுகுதிரை மேலே சொன்ன மாதிரியே சாய்ந்து நின்றது. குளம்புகள் வளைந்திருந்தன. மறுநாளும் அதே இடம். கொட்டில் கூட்டிக்கொண்டிருந்த பெண்ணிடம் கேட்டேன். "பாவம்தான், ஆனால் என்னுடையது அல்ல" என்றார். வளவுப் பொறுப்பாளரிடம் கேட்டேன். சொந்தக்காரர் மூன்று கிழமையாக வரவில்லை, தொலைபேசியும் எடுக்கவில்லை, மற்றவர்கள் மாறி மாறி வைக்கோல் போடுகிறார்கள் என்றார்.

நான் கண்ட நாட்களையும் கண்டவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு ஆர்.எஸ்.பி.சி.ஏ. சங்கத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். எந்த இடம், எந்த மிருகம், என்ன கண்டாய், எத்தனை நாள் என்றுதான் கேட்டார்கள். என்னிடம் உள்ள பாக்டரி ஆங்கிலம் அதற்குப் போதுமாக இருந்தது. அவர்களுடைய இன்ஸ்பெக்டர் வந்தார். பின்பு மிருக வைத்தியரும் லாடம் அடிப்பவரும் வந்தார்கள். லமினைட்டிஸ்தான்.

சொந்தக்காரர் கொடுமைக்காரர் அல்ல. வேலை போய்விட்டது, வைத்தியருக்குக் கொடுக்கக் காசில்லை, வெட்கத்தில் யாருக்கும் சொல்லவில்லை. கடன் கடிதங்களை உடைக்காமல் லாச்சிக்குள் போடும் எம்மவரையும் நான் கண்டிருக்கிறேன். இதுவும் அதே வெட்கம்தான். குதிரையைச் சங்கத்திடம் ஒப்படைக்க அவர் கையெழுத்திட்டார். இனி அதில் ஏறிச் சவாரி செய்ய முடியாதாம். ஆனால் நோவில்லாமல் நடக்கிறது என்று பொறுப்பாளர் பின்னர் சொன்னார்.

சட்டம் என்ன சொல்கிறது?

குதிரை, மாடு போன்றவற்றை அடித்து வதைப்பதைத் தடுக்கும் சட்டம் இந்நாட்டில் 1822 இலேயே வந்தது. ஆர்.எஸ்.பி.சி.ஏ. 1824 இல் தொடங்கியது. இன்று இங்கிலாந்திலும் வேல்சிலும் இருப்பது 2006 ஆம் ஆண்டு மிருகநலச் சட்டம். தேவையற்ற வேதனை கொடுப்பது மட்டுமல்ல, தகுந்த உணவு, இடம், வைத்தியம் கொடுக்காமல் விடுவதும் குற்றம். சொந்தக்காரர் எங்கிருந்தாலும் பொறுப்பு அவருடையதே. தற்காலிகமாகப் பொறுப்பு ஏற்றவரையும் சட்டம் பிடிக்கும். கொடுமைக்கு 2021 முதல் ஐந்து வருடம் வரை சிறை கிடைக்கலாம். ஸ்கொட்லாந்தில் தனிச் சட்டமும் தனிச் சங்கமும் உண்டு.

செய்ய வேண்டியவை

1. நாள், நேரம், இடம், குதிரையின் நிறம், நிற்கும் விதம் ஆகியவற்றை எழுதுங்கள். பாதையில் நின்றே படம் எடுங்கள்.

2. வளவுப் பொறுப்பாளரிடம் மரியாதையாகக் கேளுங்கள். வைத்தியர் ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருக்கவும் கூடும்.

3. பதில் இல்லையென்றால் 0300 1234 999 என்ற ஆர்.எஸ்.பி.சி.ஏ. இலக்கத்துக்கு அறிவியுங்கள். உங்கள் பெயரைச் சொந்தக்காரருக்குச் சொல்ல வேண்டாம் என்று கேட்கலாம்.

4. வேலி தாண்டி உள்ளே போகாதீர்கள். நோவுள்ள குதிரை உதைக்கும்.

5. இரக்கப்பட்டுப் பாணோ, பழமோ, வெட்டிய புல்லோ போடாதீர்கள். வயிற்றுக்குத்து வந்து குதிரை சாகவும் கூடும். மனிதருக்கான நோவுக் குளிசையும் வேண்டாம்.

யூனிபோர்ம் போட்டவர்களிடம் வாய் திறக்கப் பயந்து வாழ்ந்த சனம் நாங்கள். அந்தப் பயம் ஒரு நாளில் போகாது. ஆனால் இங்கே ஒரு மிருகத்துக்காகப் பேசுவதற்கு நீங்கள் இந்நாட்டுப் பிரசையாக இருக்கத் தேவையில்லை, நல்ல ஆங்கிலமும் தேவையில்லை. கண்டதைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னால் போதும். உங்கள் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள். பாடசாலைக்குப் போகும் வழியில் இவற்றை முதலில் காண்பவர்கள் அவர்கள்தான்.