தத்துப்பிள்ளையின் உள்ளம்

சுவீகாரம் என்பது நம் நாட்டார்க்குப் புதிதன்று. ஆயினும் முன்னாளில் பெரும்பாலும் பங்காளி வீட்டு ஆண்மகவையே தத்துக் கொண்டனர்; கொள்ளி வைக்கவும் காணியைக் காக்கவும் ஒருவன் வேண்டியிருந்தான். பெண்மகவையும் கொள்ளலாம் என்பது 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தெளிவாயிற்று. பின்னர், பெண்சிசுக் கொலையைத் தடுக்கும்பொருட்டு, 1992-இல் நம் சேலம் ஜில்லாவில் அரசினர் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கினர். அத்தொட்டில்களில் இடப்பட்டவை பெரும்பாலும் பெண்மகவுகளே. அவர்களுள் பலர் பிறர் இல்லங்களில் மகளாயினர். ஆத்தூர் வட்டாரத்தார்க்கு இஃது எங்கோ நிகழ்ந்த செய்தியன்று.

அம்மகவின் உள்ளத்தில் நிகழ்வது யாது? பச்சிளங் குழவிக்கு ஒன்றும் தெரியாது என்பர்; நாம் அதனை ஒப்போம். ஏணையாட்டிய ஆயாவின் கைச்சூடும் குரலும் ஒருநாள் மறைகின்றன. வீடும் பெயரும் புதியன. பெற்றோர்க்கு அந்நாள் திருநாள், குழவிக்கோ பிரிவுநாள். தாயின், அல்லது தாய்போல்வார் ஒருவரின், இடையறாத அன்பு குழந்தையின் மனநலத்துக்கு இன்றியமையாதது என்று இங்கிலாந்து தேசத்து மருத்துவர் ஜான் பௌல்பி 1951-இல் உலக சுகாதார ஸ்தாபனத்துக்கு எழுதிய நூலில் விளக்கினார். சற்று வளர்ந்தபின் வரும் பிள்ளைகளுள் சிலர் தின்பண்டத்தைத் தலையணைக்கடியில் ஒளித்து வைப்பர். சிலர் முந்தானையை விடார். சிலர் அணைத்தால் விலகுவர். 'இவர்களும் நம்மை விட்டுவிடுவார்களோ' என்று குறும்பு செய்து சோதிப்பாரும் உளர். இதனை நன்றியின்மை என்றல் பிழை. அடித்துத் திருத்தலும் ஆகாது. அஃது அவ்வச்சத்தையே மெய்ப்பிக்கும். ஒரே வேளையில் உணவு, ஒரே மடியில் உறக்கம், சொன்ன நேரத்தில் வீடு திரும்பும் தந்தை: இவையே மருந்து. அதுவும் மாதக் கணக்கில்.

இனி, மறைத்தல் என்னும் வழக்கம். இதற்காகவே ஊர் மாறிச் சென்றாரும் உண்டு. ஆனால் நம் ஊர்களில் எந்த இரகசியம் நின்றது? கலியாணப் பந்தியிலோ வேலித் தகராற்றிலோ யாரேனும் ஒரு பெரியம்மாள் சொல்லிவிடுவாள். பதினைந்து வயதில் அதனைப் பிறர்வாய்க் கேட்கும் பிள்ளை, பெற்றவள் வேறு என்பதைக்கூடப் பொறுக்கும், மறைத்ததைப் பொறாது. ஆதலின் மூன்று நான்கு வயதிலேயே, சோறூட்டுங்கால் கதைபோல, 'நீ எங்களிடம் வந்த நாள்' என்று தொடங்குதல் நன்று. பெற்றவளை இகழ்தல் ஆகாது. அவள் கொல்லாது தொட்டிலில் இட்டாள் அன்றோ? தம் மூலத்தைத் தேடும் உரிமையை இந்நாளைய தத்தெடுப்பு விதிகளும் பிள்ளைக்கு அளித்துள்ளன.

'என்னைப் பெற்றவள் எப்படி இருப்பாள்?' என்று ஒருநாள் மகள் கேட்பாள். அப்போது முகம் வாடாது, 'தெரியாது கண்ணு, உன்னைப்போல் இருப்பாளாயிருக்கும்' என்றாலே போதும்.