டி செல்லின் பிரேக்

ரத்தத்தில் ஓடும் வெள்ளை அணுக்களில் ஒரு வகை டி செல். தைமஸ் சுரப்பியில் முதிர்வதால் அந்தப் பெயர். வைரஸ் புகுந்த செல்லையும் இயல்பு திரிந்த செல்லையும் இனம் கண்டு கொல்வது அதன் வேலை. புற்றுநோய்ச் செல்லும் இயல்பு திரிந்த செல்தான். பிறகு ஏன் டி செல் அதை விட்டுவைக்கிறது? நோயெதிர்ப்பு ஆய்வாளர்களை நெடுநாள் அலைக்கழித்த இந்தக் கேள்விக்கு விடையின் பெரும்பகுதி, கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் ஜேம்ஸ் ஆலிசனின் ஆய்வகத்தில் கிடைத்தது.

1948-இல் டெக்சாஸ் மாநிலத்தின் ஆலிஸ் என்ற சிற்றூரில் பிறந்த ஆலிசன், பதினோரு வயதில் தாயை நிணநீர்ப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். ஆனாலும் அவர் மருந்து தேடி ஆய்வகத்துக்குள் போகவில்லை. டி செல் எப்படி இயங்குகிறது என்று தெரிந்துகொள்ளவே விரும்பினார். அந்த ஆர்வம்தான் பிற்பாடு மருந்தாகவும் ஆனது.

டி செல்லின் மேற்பரப்பில் உள்ள ஏற்பி, எதிரியைத் தொட்டு உணர்கிறது. அது மட்டும் போதாது. சிடி28 என்ற இன்னொரு புரதம், எதிரே உள்ள செல்லின் பி7 மூலக்கூறைப் பற்றினால்தான் டி செல் பெருகிப் போரிடும். சாவி ஏற்பி என்றால், ஆக்சிலேட்டர் சிடி28.

1987-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் சிடிஎல்ஏ-4 என்ற புரதத்தைக் கண்டறிந்தனர். சிடி28-இன் சாயலே இருந்ததால், இதுவும் ஆக்சிலேட்டர்தான் என்று சிலர் எண்ணினர். உண்மை நேர்மாறு என்பதை ஆலிசனும் மாணவர் மேத்யூ க்ரம்மெலும் காட்டினர்; ஜெஃப்ரி புளூஸ்டோனின் குழுவும் தனியே அதே முடிவுக்கு வந்தது. டி செல் தூண்டப்பட்ட பிறகு சிடிஎல்ஏ-4 உள்ளிருந்து மேற்பரப்புக்கு வருகிறது. சிடி28-ஐவிட இறுக்கமாக பி7-ஐப் பிடித்துக்கொண்டு செல்லை அடக்குகிறது. இந்த பிரேக் வீணுக்கு அமைந்ததல்ல. இந்தப் புரதத்துக்கான மரபணு நீக்கப்பட்ட எலிகளில் டி செல்கள் கட்டுக்கடங்காமல் பெருகி உறுப்புகளுக்குள் நுழைகின்றன; எலிகள் சில வாரங்களிலேயே இறக்கின்றன.

பிரேக்கைக் கொஞ்ச காலம் மட்டும் விலக்கினால்? 1994-இன் இறுதியில் ஆலிசன் ஆய்வகத்தின் டேனா லீச், புற்றுக்கட்டி வளர்ந்த எலிகளுக்கு சிடிஎல்ஏ-4-ஐ மறைக்கும் ஆன்டிபாடியைச் செலுத்தினார். கட்டிகள் கரைந்தன. முடிவு நம்பமுடியாத அளவுக்குத் துல்லியமாக இருக்கவே, எந்த எலிக்கு எது செலுத்தப்பட்டது என்பதை மறைத்து மறுபடி செய்யச் சொன்னார் ஆலிசன். கிறிஸ்துமஸ் விடுமுறை என்பதால் கட்டிகளை அளக்கும் வேலை அவர் தலையிலேயே விழுந்தது. முதலில் எல்லா எலிகளிலும் கட்டி வளர்ந்துகொண்டே போனது. சோர்ந்துபோகும் கட்டத்தில், சில எலிகளில் வளர்ச்சி நின்றது, பிறகு சுருங்கியது, பிறகு கட்டியே இல்லை. 1996-இல் வெளியான இந்த முடிவு, மருந்து புற்றைத் தொடாமலேயே புற்று ஒழியும் என்று காட்டியது.

மனிதர்களிடமும் இதே தாமதம் சிக்கலை உண்டாக்கியது. கட்டி சில வாரங்களில் சுருங்குகிறதா என்பதே கீமோதெரபி காலத்து அளவுகோல். இங்கோ கட்டி முதலில் பெருத்தும் காட்டலாம். ஆகவே நோயாளி எவ்வளவு காலம் வாழ்கிறார் என்று பார்க்க வேண்டியதாயிற்று. மெலனோமா என்ற தோல் புற்றுநோய் முற்றிய 676 பேரிடம் நடந்த சோதனை 2010-இல் வெளியானது. ஒப்பீட்டுக் குழுவின் இடைநிலை ஆயுள் 6.4 மாதம், சிடிஎல்ஏ-4-ஐ மறைக்கும் இபிலிமுமாப் என்ற ஆன்டிபாடி மட்டும் பெற்றவர்களுக்கு 10.1 மாதம். 2011 மார்ச்சில் அமெரிக்கா அனுமதி தந்தது. இந்த இடைநிலை அளவைவிட முக்கியமானது பின்னால் தெரிந்தது: ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் மூன்றாண்டைத் தாண்டினார், அதன்பின் இறப்பு வெகுவாகக் குறைந்தது.

கியோட்டோவில் தசுகு ஹோஞ்சோ 1992-இல் கண்டறிந்த பிடி-1, இன்னொரு பிரேக். புற்றுச் செல்களே இதை மிதித்துத் தப்புகின்றன. அதை விலக்கும் நிவோலுமாப் போன்ற மருந்துகளில் பக்கவிளைவு பொதுவாகக் குறைவு. ஆலிசன், ஹோஞ்சோ இருவருக்கும் 2018-இல் நோபல் பரிசு கிடைத்தது. எனினும் பிரேக் விலகிய டி செல் குடல், கல்லீரல், தைராய்டு ஆகியவற்றையும் தாக்கக்கூடும். கணையப் புற்றுபோல டி செல் எளிதில் நுழையாத கட்டிகளில் இம்மருந்துகள் பெரும்பாலும் பலிப்பதில்லை.

விலையும் பெருந்தடை. மும்பை டாடா நினைவு மருத்துவமனை, முற்றிய தலை, கழுத்துப் புற்றுநோயாளிகளுக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெறும் 20 மில்லிகிராம் நிவோலுமாப் கொடுத்துப் பார்த்தது. வழக்கமான அளவு இரு வாரத்துக்கு 240 மில்லிகிராம். குறைந்த செலவு மாத்திரைகளுடன் இதைச் சேர்த்துக் கொடுத்தபோது, ஓராண்டு கடந்து உயிரோடு இருந்தோர் 16.3 சதவீதத்திலிருந்து 43.4 சதவீதமாக உயர்ந்தனர்.