புலம்பெயரும் பசி - 7: காண்டாபாஞ்சியில் ரயிலேறும் குடும்பங்கள்

மேற்கு ஒடிசாவில் புது அரிசியைக் குலதெய்வத்துக்குப் படைத்துவிட்டு உண்ணும் திருநாள் நுவாகாய். விநாயகர் சதுர்த்திக்கு மறுநாள் வரும். எந்த ஊரில் பிழைத்தாலும் அன்றைக்கு வீட்டுக்கு வந்துவிடத் துடிப்பார்கள். பெரியவர்கள் காலில் விழுந்து ஆசி வாங்குவார்கள். மனஸ்தாபத்தில் இருந்த பங்காளிகள்கூடப் பேசிக்கொள்வார்கள். அந்தச் சந்தோஷம் அடங்கும் நேரம் பார்த்து, ஆள் பிடிக்கும் 'சர்தார்' வாசலுக்கு வருவார், கையில் ரொக்கத்தோடு.

பொலாங்கீர், நுவாபாடா மாவட்டங்களில் இந்த முன்பணத்துக்கு 'தாதன்' என்று பெயர். தனி ஆளுக்குத் தருவதில்லை. கணவன், மனைவி, ஒரு பிள்ளை சேர்ந்தால்தான் ஒரு 'பதுரியா', அதற்குத்தான் பணம். வானம் பார்த்த பூமி, வருஷத்துக்கு ஒரே போகம். மருத்துவச் செலவுக்கும் மகள் கல்யாணத்துக்கும் வாங்கிய கடன் கழுத்தை நெரிக்கும்போது வந்த காசு, வந்த வேகத்திலேயே கடன்காரனுக்குப் போய்விடும். குடும்பத்துக்கு மிஞ்சுவது ஆறேழு மாத உழைப்புப் பாக்கி. அக்டோபர் பிறந்ததும் காண்டாபாஞ்சி ரயில் நிலையத்தில் அரிசி மூட்டை, அலுமினியச் சட்டி, கைக்குழந்தை சகிதம் கூட்டம் கூட்டமாகக் காத்திருப்பது இவர்கள்தான். செங்கல் சூளை வேலைக்காகத் தெலங்கானாவுக்கும் ஆந்திராவுக்கும் போகிறார்கள். நம் திருவள்ளூர்ச் சூளைகளுக்கும் வருகிறார்கள்.

சூளையில் விடியலுக்கு வெகு முன்பே வேலை தொடங்கிவிடும். ராத்திரி ஊறிய மண்ணை மிதித்துக் குழைக்க வேண்டும். அம்மா மண்ணை உருட்டித் தர, அப்பா அச்சில் அடித்துத் தரையில் கவிழ்ப்பார். வரிசையாகக் கிடக்கும் பச்சைக்கல்லை வெயில் படப் புரட்டிவிடுவது பிள்ளையின் வேலை. பெரியவர்கள் கால் வைத்தால் ஈரக்கல் நசுங்கும். எட்டு வயதுப் பாதத்துக்கு அந்தக் கனம் இல்லை. பதுரியாவில் பிள்ளையும் ஏன் சேர்ந்திருக்கிறது என்பது இங்கே விளங்கும். கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று பேச்சு. வாரா வாரம் கொடுக்கும் செலவுக்காசும் அட்வான்ஸ் கணக்கில் ஏறும். திடீர் மழையில் கல் கரைந்தால் பல சூளைகளில் அந்த நஷ்டமும் அறுத்தவர் தலையில்தான். நோட்டுப் புத்தகம் முதலாளியிடம் இருக்கிறது. அறுத்தவருக்கு அதைப் படிக்கத் தெரியாது.

சட்டம் இல்லாமல் இல்லை. இந்த தாதன் தொழிலாளர்களுக்காகவே ஒடிசா 1975-இல் தனிச் சட்டம் போட்டது. 1976-இன் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் இப்படிப்பட்ட கடன்களையே ரத்து செய்தது. மாநிலம் விட்டு மாநிலம் போகும் தொழிலாளர்களுக்கு 1979-இல் மத்தியச் சட்டம் வந்தது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது கட்டாய உழைப்பே என்று ஆசியாட் விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1982-இல் சொன்னது. இத்தனைக்குப் பிறகு, 2013 டிசம்பரில், அட்வான்ஸ் தகராறில் காளஹாண்டித் தொழிலாளர்கள் இருவரின் வலது கையைத் தரகர்கள் வெட்டினார்கள். அந்தச் செய்தியை இன்றைக்குப் படித்தாலும் நெஞ்சு பதறுகிறது.

இவர்களை ஊரிலேயே நிறுத்த, நூறு நாள் வேலையை 300 நாள்வரை நீட்டிப்பதாக ஒடிசா அரசு அறிவித்தது. பொலாங்கீர், நுவாபாடா, காளஹாண்டி, பர்கர் மாவட்டங்களில் 20 வட்டாரங்களுக்கு. நல்ல திட்டம்தான். ஆனால் அந்தக் கூலி வங்கிக்கு வந்துசேர வாரங்கள் ஆகும், சில சமயம் மாதங்களே ஆகும். சர்தார் அன்றைக்கே எண்ணிக் கொடுக்கிறார். அவரை வெல்ல வேண்டுமானால் அரசின் கூலியும் வாராவாரம் கைக்கு வர வேண்டும்.

நம் பங்கும் இதில் உண்டு. திருவள்ளூர்ச் சூளைகளிலிருந்து ஒடிசாத் தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் மீட்கப்பட்டிருக்கிறார்கள். அவர்களின் பிள்ளைகளுக்குச் சூளையருகே ஒடியாப் பாடப் புத்தகத்தோடு பள்ளி நடத்திய மாவட்டமும் அதுதான். மீட்கப்பட்டவர்களை அவசரமாக ரயிலேற்றிவிட்டால் மட்டும் போதாது. கடன் ரத்தானதற்கு அத்தாட்சியான விடுதலைச் சான்றிதழைக் கோட்டாட்சியர் அவர்கள் கையிலேயே கொடுத்தனுப்ப வேண்டும். இல்லையென்றால் அடுத்த நுவாகாய் முடிந்ததும் பழைய பாக்கியைச் சொல்லி அதே சர்தார் அதே குடும்பத்தை மறுபடி அழைத்துப்போவார்.

(தொடரும்)