மின்மிதிவண்டி

திருவள்ளூர் மாவட்டத்தில், ஆந்திர மாநில எல்லையை அடுத்து அமைந்துள்ள ஊர் ஆர்.கே.பேட்டை. இராமகிருஷ்ணராஜுப்பேட்டை என்பது அதன் முழுப்பெயர். கைத்தறிக்கும் விசைத்தறிக்கும் பெயர்பெற்ற ஊர் அது. அவ்வூரிலிருந்து, மலைமீது முருகன் கோயில் கொண்ட திருத்தணி ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. போகவும் வரவும் நாற்பது கிலோமீட்டர் ஆகும். ஒருமுறை மின்னேற்றிய மிதிவண்டியில் இத்தொலைவைக் கடந்து வர இயலுமா? இவ்வினாவுக்கு ஒரே சொல்லில் விடை கூற முடியாது. விடை, வண்டியின் உறுப்புகளிலும் அதை ஓட்டுவோரின் அறிவிலும் அடங்கியுள்ளது.

மிதிவண்டியை அறியாத மாணவர் இலர். தமிழ்நாட்டில் மேல்நிலை வகுப்பில் பயில்வோர்க்கு அரசே அதனை விலையின்றி வழங்கி வருகிறது. அத்தகைய வண்டியில் மின்விசையையும் சேர்க்கும் எண்ணம் புதியதன்று. 1881ஆம் ஆண்டிலேயே குஸ்தாவ் துரூவே என்பவர் பாரிசு நகரத் தெருவில் மின்விசையால் ஓடும் முச்சக்கர வண்டியை ஓட்டிக் காட்டினார். 1895ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டைச் சேர்ந்த ஆக்டன் போல்ட்டன் என்பார், பின்சக்கரத்தின் நடுவில் மோட்டார் பொருத்திய மிதிவண்டிக்குக் காப்புரிமை பெற்றார். ஆயினும், அவ்வண்டி உலகெங்கும் பரவவில்லை. அக்காலத்து ஈயமின்கலங்கள் பெருஞ்சுமையாக இருந்தமையே இதற்குத் தலையாய காரணம். 1991ஆம் ஆண்டில் இலித்தியம் அயனி மின்கலம் விற்பனைக்கு வந்தது. சிறு எடையில் மிகுந்த ஆற்றலைச் சேமிக்கும் அம்மின்கலத்தை உருவாக்கிய குடினஃப், விட்டிங்காம், யோசினோ ஆகிய மூவருக்கும் 2019ஆம் ஆண்டில் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அம்மின்கலத்தின் வரவே மின்மிதிவண்டிக்குப் புதுவாழ்வு தந்தது.

தமிழ்நாடும் இத்துறையில் பின்தங்கவில்லை. 1949ஆம் ஆண்டில் சென்னையை அடுத்த அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் தோன்றிய நாள் முதலாக மிதிவண்டித் தொழில் இங்கு வேரூன்றி வளர்ந்துள்ளது. 2008ஆம் ஆண்டில் ஹேமலதா அண்ணாமலை என்னும் அம்மையார் கோயம்புத்தூரில் ஆம்பியர் என்னும் மின்னூர்தி நிறுவனத்தைத் தொடங்கினார். பின்னர்க் கிரீவ்ஸ் நிறுவனத்தோடு இணைந்த அதன் ஊர்திகளைச் செய்வதற்கு 2021ஆம் ஆண்டில் இராணிப்பேட்டையில் ஒரு தொழிற்சாலை அமைந்தது. ஆர்.கே.பேட்டையிலிருந்து சோளிங்கர் வழியாகச் செல்வோர் அடையும் தொழில்நகரமே இராணிப்பேட்டை.

மின்மிதிவண்டிகளுள் பல வடிவங்கள் உண்டு. அவற்றுள் ஒன்று ‘குரூசர்’ எனப்படுவது. விரைவைக் காட்டிலும் உடல் நோகாத பயணத்தையே நோக்கமாகக் கொண்டது இவ்வடிவம். 1933ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஷ்வின் நிறுவனம், காற்று நிறைந்த பருத்த டயர்களைக் கொண்ட மிதிவண்டிகளை விற்பனைக்குக் கொணர்ந்தது. அவ்வழியில் வளர்ந்ததே குரூசர் மிதிவண்டி. மோட்டார் சைக்கிள்களிலும் இவ்வடிவம் உண்டு. கோமாகி என்னும் இந்திய நிறுவனம் 2022ஆம் ஆண்டில் ‘ரேஞ்சர்’ என்ற பெயரில் குரூசர் வடிவ மின்மோட்டார் சைக்கிளை வெளியிட்டது.

குரூசர் வண்டியின் இருக்கை தாழ்வானது, அகன்றது. கைப்பிடி நீண்டு ஓட்டுவோரை நோக்கி வளைந்திருக்கும். ஆகவே, முதுகை வளைக்காமல் நிமிர்ந்து அமரலாம். நிறுத்தும்போது இரு கால்களையும் தரையில் ஊன்றலாம். இரு சக்கரங்களுக்கும் இடையே தொலைவு மிகுதியாதலால் வண்டி அலையாமல் நேரே செல்லும். பருத்த டயர்கள் மேடுபள்ளங்களின் அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும். ஆனால், ஒவ்வொரு நன்மைக்கும் ஒரு விலை உண்டு. நிமிர்ந்த உடல் காற்றை மிகுதியாக எதிர்க்கிறது. நீண்ட வண்டி குறுகிய தெருவில் எளிதில் திரும்புவதில்லை. பருத்த டயரில் காற்றுக் குறைந்தால் உருளுவதற்கு மிகுந்த விசை தேவைப்படுகிறது. இந்தக் குறைகளையும் ஈடு செய்யவே மோட்டார் உதவுகிறது.

விசைத்தறியைக் கண்டவர்கள் மின்மோட்டாரையும் கண்டிருப்பர். அங்கே மோட்டார் ஓரிடத்தில் நின்று, பெல்ட் வழியாகத் தறியை இயக்குகிறது. மின்மிதிவண்டியிலோ மோட்டார், பெரும்பாலும் பின்சக்கரத்தின் குடத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. குடத்தின் உட்சுவரில் நிலைக்காந்தங்கள் வரிசையாகப் பதிக்கப்பட்டுள்ளன. நடுவே, அச்சோடு அசையாமல் பிணைக்கப்பட்ட செம்புக் கம்பிச்சுருள்கள் உள்ளன. சுருள்களில் மின்னோட்டம் பாயும்போது அவை மின்காந்தங்கள் ஆகின்றன. எதிரிலுள்ள நிலைக்காந்தங்களை ஈர்த்தும் தள்ளியும் குடத்தைச் சுழற்றுகின்றன. குடத்தோடு சக்கரமும் சுழல்கிறது. சில வண்டிகளில் மோட்டார் மிதிகளின் நடுவே அமைந்து, சங்கிலி வழியாகச் சக்கரத்தைச் சுழற்றும். பல்சக்கரங்களை மாற்றிக்கொள்ள இயலுமாதலால் இவ்வகை மேட்டில் ஏறுவதற்கு ஏற்றது.

சக்கரம் இடைவிடாது ஒரே திசையில் சுழல வேண்டுமானால், எந்தச் சுருளில் எப்பொழுது மின்னோட்டம் பாய வேண்டும் என்பதை முறைப்படுத்த வேண்டும். பழைய மோட்டார்களில் கரித்துண்டுகள் உரசி அப்பணியைச் செய்தன. உரசலால் அவை தேய்ந்தன, ஆற்றலும் வீணாயிற்று. இன்றைய வண்டியில் ‘கண்ட்ரோலர்’ எனப்படும் மின்னணுக் கட்டுப்படுத்தி அப்பணியை ஏற்றுள்ளது. காந்தங்களின் நிலையை உணர்விகள் அறிந்து சொல்ல, அது நொடிதோறும் பலமுறை மின்னோட்டத்தை ஒரு சுருளிலிருந்து மறு சுருளுக்கு மாற்றுகிறது. கைப்பிடியிலுள்ள திருகியை முறுக்கினாலும், காலால் மிதித்தாலும் செய்தி கட்டுப்படுத்திக்கே செல்கிறது. தடையைப் பிடித்தவுடன் மோட்டாருக்குச் செல்லும் மின்னோட்டத்தை நிறுத்துவதும் அதுவே. மோட்டாரை வண்டியின் கால் என்றால், கட்டுப்படுத்தியை அதன் மூளை எனலாம்.

அங்ஙனமாயின், வண்டியின் இரைப்பை மின்கலம் ஆகும். பார்வைக்கு ஒரே பெட்டியாகத் தோன்றினும், அதனுள் விரல் பருமனுள்ள சிறு மின்கலங்கள் பல இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 3.6 வோல்ட்டு அழுத்தம் தருவது. பத்து மின்கலங்களைத் தொடராக இணைத்தால் 36 வோல்ட்டு கிடைக்கும். அத்தகைய தொடர்கள் சிலவற்றைப் பக்க இணைப்பாகச் சேர்த்தால் நெடுநேரம் மின்னோட்டம் கிடைக்கும். எந்த ஒரு மின்கலமும் அளவுக்கு மீறி நிரம்பாமலும், அளவுக்கு மீறி வறளாமலும், கடுஞ்சூடு அடையாமலும் காக்க ஒரு காவல் சுற்றும் பெட்டிக்குள்ளேயே உண்டு.

இனி, முதலில் எழுந்த வினாவைக் கணக்கால் ஆராயலாம். 36 வோல்ட்டு அழுத்தமும் 10 ஆம்பியர்மணிக் கொள்ளளவும் உள்ள மின்கலத் தொகுதியில் 36 × 10, அதாவது 360 வாட்மணி ஆற்றல் அடங்கும். இது மிகச் சிறிய சேமிப்பு. ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 9000 வாட்மணி ஆற்றல் உள்ளது. எனவே, இம்மின்கலம் முழுவதும் நிறைந்திருப்பினும் அதிலுள்ள ஆற்றல் 40 மில்லிலிட்டர் பெட்ரோலுக்கே சமம். ஒரு சிறு கிண்ணத்தில் அடங்கிவிடும் பெட்ரோல் அது! பெட்ரோல் எஞ்சினோ தான் பெறும் ஆற்றலில் நான்கில் ஒரு பங்கையே இயக்கமாக மாற்றுகிறது. எஞ்சியது வெப்பமாய்க் கழிகிறது. நல்ல மின்மோட்டார் ஐந்தில் நான்கு பங்கை இயக்கமாக்குகிறது. வருவாய் சிறிதாயினும் வீண்செலவு இல்லாத குடும்பம் செழிப்பது போன்றதே மின்மிதிவண்டியின் வாழ்வு.

குரூசர் வண்டியை மிதிக்காமல், மோட்டாரை மட்டுமே நம்பி, மணிக்கு 25 கிலோமீட்டர் விரைவில் சமதரையில் ஓட்டினால், கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 12 வாட்மணி செலவாகும். 360ஐ 12ஆல் வகுத்தால் 30 கிடைக்கும். ஆகவே, ஆர்.கே.பேட்டையிலிருந்து புறப்பட்டவர் திருத்தணியை அடைந்துவிடுவார். திரும்பும்போது பாதி வழியில் வண்டியைத் தள்ள நேரிடும். அவரே மிதித்துக்கொண்டு சென்று, உழைப்பில் பாதியைத் தாம் ஏற்றால், மோட்டாரின் செலவு கிலோமீட்டருக்கு 6 வாட்மணியாகக் குறையும். அப்பொழுது அதே மின்கலம் 60 கிலோமீட்டர் வரை செல்லும். நாற்பது கிலோமீட்டரும் எளிதில் முடிந்துவிடும். துணிமூட்டையின் சுமைக்கும் எதிர்க்காற்றுக்கும் ஓரளவு மிச்சமும் இருக்கும்.

விரைவு கூடினால் செலவு மேலும் கூடும். விரைவு இருமடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகிறது. மேட்டில் ஏறுவதும் அவ்வாறே. வண்டியும் ஆளும் சேர்ந்து 100 கிலோகிராம் எடை எனக் கொண்டால், அதனை 100 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற 27 வாட்மணி ஆற்றல் தேவை. மோட்டாரில் வெப்பமாகக் கழிவதையும் சேர்த்தால் 40 வாட்மணி வரை ஆகலாம். சமதரையில் மூன்று கிலோமீட்டர் செல்லப் போதுமான ஆற்றல் அது. திருத்தணி மலைக்கு 365 படிகள் உள்ளன. படியேறி வழிபடுவோர் தம் காலால் உணரும் உண்மையை, மலைச்சாலையில் ஏறும் வண்டி தன் மின்கலத்தால் உணர்கிறது. மேட்டில் மிதித்து உதவாமல் மோட்டாரை மட்டும் வருத்தினால் சுருள்கள் சூடேறிப் பழுதடையக்கூடும்.

மின்வண்டி புகை கக்குவதில்லை. ஆனால், அதற்கு வேண்டிய மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதையும் எண்ண வேண்டும். முப்பந்தலில் சுழலும் காற்றாலையிலிருந்தோ கூரைமேல் வைத்த சூரியத் தகட்டிலிருந்தோ வருமாயின் அது தூயது. நிலக்கரியை எரிக்கும் அனல்மின் நிலையத்திலிருந்து வருமாயின், வேறோரிடத்தில் புகை எழுகிறது. அங்ஙனமாயினும் நன்மை குறைவன்று. மிதித்துச் செல்லும் நாற்பது கிலோமீட்டர்ப் பயணத்துக்கு மின்னேற்றத்தில் கழிவதையும் சேர்த்து ஏறத்தாழ 0.3 யூனிட் மின்சாரமே தேவை. அதற்காக அனல்மின் நிலையம் வெளியிடும் கரியமிலவாயு ஏறத்தாழ 300 கிராம். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் பெட்ரோல் வண்டியோ அதே தொலைவுக்கு ஏறத்தாழ 1800 கிராம் வெளியிடுகிறது.

நன்மை தரும் பொருளே கவனக்குறைவால் தீமையும் தரும். சிறு இடத்தில் மிகுந்த ஆற்றலை அடைத்து வைத்திருப்பது இலித்தியம் மின்கலம். அது பழுதுற்றால் கடுந்தீ எழும். 2022ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், வேலூரில் ஒரு வீட்டில் இரவில் மின்னேற்றத்துக்கு விடப்பட்டிருந்த மின்ஸ்கூட்டர் தீப்பற்றியது. புகையில் மூச்சுத் திணறித் தந்தையும் பள்ளியில் பயின்ற மகளும் உயிரிழந்தனர். அவ்வாண்டில் நாட்டின் வேறு சில இடங்களிலும் மின்னூர்திகள் எரிந்தன. அதன்பின் நடுவண் அரசு மின்னூர்திகளின் மின்கலங்களுக்குரிய பாதுகாப்பு விதிகளைக் கடுமையாக்கி, 2022 டிசம்பர் முதல் நாளிலிருந்து படிப்படியாக நடைமுறைப்படுத்தியது.

விதிகள் தொழிற்சாலையில் காக்கும். வீட்டில் காப்பது பயன்படுத்துவோரின் கடமை. வண்டியோடு தந்த மின்னேற்றியையே பயன்படுத்த வேண்டும். ஓடிச் சூடேறிய மின்கலம் ஆறிய பின்னரே மின்னேற்ற வேண்டும். அனைவரும் உறங்கும் வேளையில், படுக்கையருகிலோ வீட்டின் வாயிலை மறிக்கும் இடத்திலோ மின்னேற்றலாகாது. உப்பிய மின்கலத்தையும், நீரில் மூழ்கிய மின்கலத்தையும் மீண்டும் பயன்படுத்தலாகாது. பழைய மின்கலத்தைக் குப்பையில் எறிவதும் தவறு. 2022ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, அவற்றைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு உற்பத்தியாளருடையது.

சட்டத்தையும் அறிந்திருத்தல் நன்று. மோட்டாரின் திறன் 250 வாட்டுக்கும், விரைவு மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் உட்பட்டு, ஏனைய விதிகளுக்கும் இயைந்த வண்டிக்கே பதிவும் ஓட்டுநர் உரிமமும் தேவையில்லை. பெரிய மோட்டாரை மாட்டியும், கட்டுப்படுத்தியைத் திருத்தியும் விரைவைக் கூட்டுவோர் சட்டத்தை மீறுகின்றனர். அவர்கள் தடைகளும் சட்டமும் தாங்க இயலாத விரைவில் தம் உயிரையும் பிறர் உயிரையும் பணயம் வைக்கின்றனர். தலைக்கவசமோ எந்த விரைவிலும் வேண்டுவது.

மின்மிதிவண்டி பேராற்றல் படைத்த பொறி அன்று. சிறிதளவு ஆற்றலைச் செம்மையாகச் செலவிடக் கற்ற பொறி அது. அதன் அளவை அறிந்து, தன் உழைப்பையும் அதனோடு சேர்த்துச் செல்பவரை அது ஊர் கொண்டு சேர்க்கும்.