ஒரே பானையில் ஒரு வேளை உணவு

பிழைப்பை நாடிப் பிற மாநிலம் சென்று வாழும் தமிழருக்கு மாலை வேளையில் எழும் முதற் கேள்வி, "இன்று என்ன சமைப்பது?" என்பதே. அறை ஒன்று, அடுப்பு ஒன்று, பாத்திரங்கள் இரண்டோ மூன்றோ. சோறு, குழம்பு, கறி, இரசம் என்று நான்கு வகை சமைத்து இலையில் பரப்ப நேரமும் இல்லை, இடமும் இல்லை. நாள்தோறும் உணவு விடுதியை நாடினால் கைப்பொருள் கரைகிறது. சில திங்களில் வயிறும் முறையிடத் தொடங்குகிறது. திருவனந்தபுரத்தில் கரமனை, வலியசாலை அக்கிரகாரங்களில் தலைமுறை தலைமுறையாக வாழும் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. நேற்றுத் தம்பானூர் நிலையத்தில் பெட்டியுடன் வந்திறங்கிய இளைஞரும் உண்டு. முன்னவர்க்குப் பாட்டியின் கைப்பக்குவம் வீட்டிலேயே இருக்கிறது. பின்னவரை எண்ணியே நாம் இதனைச் சொல்லப் புகுந்தோம். தில்லியிலும் மும்பையிலும் பெங்களூரிலும் தனித்து வாழ்வோர்க்கும் இது பொருந்தும்.

மேலை நாடுகளில் 'டச்சு அடுப்பு' என்று ஒன்றைச் சொல்கிறார்கள். பெயரைக் கேட்டு அதனை அடுப்பு என்று எண்ணிவிடலாகாது. கனத்த வார்ப்பிரும்பினால் செய்து, இறுக்கமாகப் பொருந்தும் கனத்த மூடி இட்ட பானையே அது. இங்கிலாந்தில் ஆபிரகாம் டார்பி என்பவர், மணல் அச்சில் இரும்புப் பானைகளை வார்க்கும் முறைக்கு 1707ஆம் ஆண்டில் உரிமம் பெற்றார். அதன் பின்னர் அத்தகைய பானைகள் எளிய குடும்பங்களுக்கும் எட்டின. இறைச்சி, கிழங்கு, பருப்பு எல்லாவற்றையும் ஒன்றாக இட்டு, மூடி, இளந்தீயில் நெடுநேரம் வேகவைப்பது அதன் வழக்கு. குளிர் நாட்டில் களைத்து வீடு திரும்புவோர்க்கு அந்த ஒரு பானையே விருந்தும் மருந்தும் ஆகும்.

இது நமக்குப் புதிதா என்றால், இல்லை. நம் பாட்டியர் வைத்திருந்த வெண்கலப் பானை, இருப்புச்சட்டி, கல்சட்டி ஆகியவை இதே தொழிலைச் செய்தவையே. திருவனந்தபுரத்தில் சாலைக் கடைவீதிக்குச் சென்றால், வாய் அகன்ற ஓட்டுருளிகளைப் பாத்திரக் கடைகளில் காணலாம். 'ஓடு' என்று மலையாளத்தில் சொல்வது செம்பும் வெள்ளீயமும் கலந்த வெண்கலம். உருளி தமிழுக்கும் உரிய சொல்லே. ஆகவே, விலை மிகுந்த அயல்நாட்டுப் பாத்திரம் இல்லையே என்று வருந்த வேண்டியதில்லை. கனமும் மூடியும் இருந்தால் போதும்.

கனமும் மூடியும் ஏன் வேண்டும் என்பதைச் சற்று ஆராய்வோம். மெல்லிய அலுமினியப் பாத்திரம் விரைவில் சூடேறும், விரைவில் ஆறும். தீ படும் இடத்தில் அடிப்பிடிக்கும். கனத்த இரும்போ, வெண்கலமோ, கல்லோ மெதுவாகச் சூடேறும். ஏறிய சூட்டைத் தன்னுள் தேக்கி வைத்து, சிறிது சிறிதாக உணவுக்குக் கொடுக்கும். கல்சட்டியில் கொதிக்கும் குழம்பை அடுப்பிலிருந்து இறக்கிய பின்னும் சற்று நேரம் அது கொதித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தவர்கள் இதனை அறிவார்கள்.

மூடியின் கதை இன்னும் சுவையானது. ஒரு கிராம் நீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரி செல்சியசுக்கு உயர்த்த 70 கலோரி வெப்பம் போதும். கொதிக்கும் அதே ஒரு கிராம் நீரை ஆவியாக மாற்றவோ சுமார் 540 கலோரி தேவை. அஃதாவது, திறந்த பாத்திரத்தில் ஒரு லிட்டர் நீரை ஆவியாக ஓடவிடும் வெப்பத்தைக் கொண்டு, ஏழு லிட்டருக்கு மேற்பட்ட தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவந்து விடலாம். மூடி இருந்தால் ஆவி மேலே பட்டுக் குளிர்ந்து, துளியாகி மீண்டும் பானைக்குள்ளேயே விழுகிறது. எரிபொருள் மிஞ்சுகிறது, மணமும் தங்குகிறது.

மற்றொன்றும் உண்டு. நீர் கொதித்த பின்பு தீயை எவ்வளவு பெருக்கினாலும் அதன் சூடு உயராது. உணவும் விரைவில் வேகாது. கூடுதல் தீ ஆவியை விரட்டுவதற்கே பயன்படும். ஆதலால் கொதி வந்தவுடன் தீயைத் தணிப்பதே அறிவுடைமை. கடல் மட்டத்திலிருந்து உயரம் செல்லச் செல்லக் கொதிநிலை குறைகிறது. சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ள பெங்களூரில் நீர் 97 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். "ஊரில் வெந்த பருப்பு இங்கே வேகவில்லையே" என்று அங்குள்ள அன்பர்கள் குறைப்பட்டால், குற்றம் பருப்பின் மீது மட்டும் இல்லை. அங்கே சற்றுக் கூடுதலான நேரம் கொடுத்தல் வேண்டும்.

இனி, சமைக்கத் தக்க மூன்று உணவுகளைச் சொல்வோம்.

முதலாவது, நெல்லைச் சீமையின் கூட்டாஞ்சோறு. ஒரு கோப்பை அரிசி, அரைக் கோப்பை துவரம்பருப்பு, ஐந்து கோப்பைத் தண்ணீர் என்பது அளவு. முருங்கைக்காய், கத்தரிக்காய், வாழைக்காய், கொத்தவரங்காய், ஒரு பிடி முருங்கைக்கீரை ஆகியவை சேரும். பருப்பை மஞ்சளுடன் முதலில் பாதி வேகவிட வேண்டும். பிறகு அரிசியையும், கடினமான காய்களையும் இட வேண்டும். அவை முக்கால் பதம் வெந்த பின்பே புளிக்கரைசலும் உப்பும் சேர்க்கத் தகும். இந்த வரிசையை மாற்றலாகாது. புளிப்பு முந்தினால் காயும் பருப்பும் மென்மையடைவது தடைப்படும்; எவ்வளவு நேரம் தீ எரித்தாலும் விறைப்பாகவே நிற்கும். இறுதியில் தேங்காய், சீரகம், மிளகாய் வற்றல், சின்ன வெங்காயம் அரைத்த விழுதையும் கீரையையும் சேர்த்துக் கிளறி, மூடித் தீயை அணைத்துவிடலாம். கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டினால் தெருவே மணக்கும்.

இரண்டாவது, கொங்கு நாட்டு அரிசி பருப்புச் சோறு. மிக எளியது. பானையில் எண்ணெய் ஊற்றி, கடுகு, சீரகம், மிளகு, மிளகாய் வற்றல் தாளித்து, சின்ன வெங்காயமும் பூண்டும் வதக்க வேண்டும். ஒரு தக்காளி சேர்க்கலாம். பின்னர் ஒரு கோப்பை அரிசி, கால் கோப்பைக்குச் சற்று மிகுதியாகத் துவரம்பருப்பு, மஞ்சள், உப்பு, மூன்றரைக் கோப்பைத் தண்ணீர். துவரம்பருப்பை அரைமணி நேரம் முன்னரே ஊறவைத்தால் அரிசியோடு ஒத்து வேகும். உண்ணும்போது ஒரு கரண்டி நெய். அப்பளம் ஒன்று இருந்தால் வேறு துணை வேண்டா.

மூன்றாவது, நாம் குடியேறிய மண்ணின் பயற்றுக் கஞ்சி. கேரளத்துச் செம்புழுங்கல் அரிசி ஒரு கோப்பை, சிறுபயறு அரைக் கோப்பை, எட்டுக் கோப்பைத் தண்ணீர். இங்கே நாம் முதன்முதலில் செய்த பிழையை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். நம் ஊர் அரிசியைப் போலவே இதுவும் வேகும் என்று எண்ணி, உடைத்த பயற்றம்பருப்பையும் இவ்வரிசியையும் ஒன்றாக இட்டோம். பருப்பு கரைந்து காணாமற் போயிற்று. அரிசியோ மணி மணியாகப் பல்லுக்குச் சவாலிட்டது. அடுத்த அறையிலிருந்த மலையாளத் தாயார் பார்த்துச் சிரித்து, முழுப் பயற்றைப் பயன்படுத்துமாறும், அரிசியை முன்னதாகவே ஊறவைக்குமாறும் கற்றுத் தந்தார். வெந்தபின் துருவிய தேங்காயும், நசுக்கிய சீரகமும் வெங்காயமும் சேர்த்துப் பலாவிலையை மடித்துக் கரண்டியாக்கிக் குடிப்பது இந்நாட்டுப் பழைய வழக்கம். மாங்காய் ஊறுகாய் அதற்கு ஏற்ற இணை.

செம்புழுங்கல் போல நெடுநேரம் வேகும் பொருள்களுக்குக் கேரளத்தில் ஓர் அரிய உபாயம் உண்டு. அதன் பெயர் 'சூடாறாப்பெட்டி'. 1962ஆம் ஆண்டில் தோன்றிய கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத்து என்னும் மக்கள் அறிவியல் இயக்கம் இதனை வீடுதோறும் பரப்பியது. வெப்பத்தை வெளிவிடாத பொருளால் ஆன பெட்டி அது. அரிசியைப் பானையில் பத்து நிமிடம் நன்கு கொதிக்கவைத்து, மூடியுடன் அப்படியே பெட்டிக்குள் இறக்கி அடைத்துவிட வேண்டும். ஒரு மணி நேரத்திற்குப் பின் திறந்தால், தீயில்லாமலே சோறு வெந்திருக்கும். மேலை நாடுகளில் வைக்கோல் அடைத்த பெட்டியில் இவ்வாறு செய்தது உண்டு. பெட்டி இல்லாதவர்கள், அடுப்பை அணைத்துப் பானையை இறக்கிய பின்னர், கெட்டியான கம்பளியால் சுற்றிக் கூடைக்குள் வைக்கலாம். பானை முக்கால் பங்கேனும் நிறைந்திருத்தல் வேண்டும். சிறிதளவு உணவு விரைவில் ஆறிவிடும். அரிசியைப் பெட்டியில் வைத்துவிட்டுக் குளித்துவரலாம். ஊருக்குக் கடிதம் எழுதலாம். கண் சற்றே அயரலாம். எரிவாயு உருளையை எண்ணி எண்ணிச் செலவிடும் குடும்பத்திற்கு இது சிறிய உதவியன்று.

பயன்களைச் சொன்ன நாம், எச்சரிக்கைகளையும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். ஒரே பானையில் சமைப்போர் பெரும்பாலும் தனித்திருப்போர். உடல் நலிந்தால் ஒரு வாய் வெந்நீர் வைத்துத் தருவாரும் அருகில் இரார்.

பித்தளை, செம்புப் பாத்திரங்களில் ஈயப் பூச்சு இல்லாமல் புளி, தக்காளி, மோர் சேர்ந்த உணவைச் சமைக்கலாகாது. உலோகம் உணவில் கரைந்து குமட்டலும் வாந்தியும் உண்டாக்கும். பூச்சு வெள்ளீயமாக இருத்தல் வேண்டும். காரீயம் கலந்தால் அது நஞ்சு. குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே கெடுக்கும். நம்பிக்கையான இடத்தில் வாங்கியதல்லாத ஈயச்சொம்பைத் தவிர்ப்பது நன்று. வெண்கல உருளியும் பாயசத்திற்கும் கஞ்சிக்கும் ஏற்றதே அன்றிப் புளிக்கு ஏற்றதன்று. சூடாக இருக்கையில் குளிர்ந்த நீர் ஊற்றினாலும், கீழே விழுந்தாலும் பிளந்துவிடும். இரும்பில் புளி கொதித்தால் உணவு கறுக்கும். தீங்கில்லை, ஆயினும் சமைத்தவுடன் வேறு பாத்திரத்திற்கு மாற்றிவிட வேண்டும். புளி சேர்ந்த கூட்டாஞ்சோற்றுக்குக் கல்சட்டியும் மண்சட்டியும் மிகத் தகுந்தவை.

வடமாநிலங்களில் இருப்போர் இராஜ்மா என்னும் சிவப்புக் காராமணி போன்ற பெரும்பயற்றைச் சமைக்கக் கற்கிறார்கள். அதனைச் சூடாறாப்பெட்டியை மட்டும் நம்பி வேகவைக்கலாகாது. பச்சையாக அதில் ஒரு நச்சுப்பொருள் உண்டு. இளஞ்சூட்டில் அது அழியாது. இரவு முழுதும் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புதுநீரில் அரைமணி நேரமேனும் தளதளவென்று கொதிக்கவைத்த பின்பே மெல்லிய தீக்கு மாற்ற வேண்டும்.

மிஞ்சிய சோற்றை மூடிய பானையிலேயே இரவு முழுதும் விட்டுவைப்பது பலருடைய பழக்கம். கனத்த பானையின் சிறப்பே இங்கே குறையாகிறது. 60 டிகிரிக்குக் கீழே வெதுவெதுப்பாக நெடுநேரம் நிற்கும் சோற்றில், கொதியிலும் சாகாத சில நுண்ணுயிர் வித்துகள் முளைத்து நஞ்சைச் சுரக்கும். மறுநாள் மீண்டும் சூடேற்றினாலும் அந்நஞ்சு அழிவதில்லை. நீர் ஊற்றிப் புளிக்கவைக்கும் பழைய சோறு வேறு முறை. அங்கே சோற்றை ஆறவைத்து நீரில் மூழ்கச் செய்கிறோம். ஆகவே, வேண்டிய அளவே சமைப்போம். மிஞ்சினால் அகன்ற தட்டில் பரப்பி விரைவில் ஆற்றிக் குளிர்பெட்டியில் வைப்போம்.

முடிக்கும் முன் ஒரு காட்சி. ஆண்டுதோறும் கும்ப மாதத்துப் பூர நாளில், திருவனந்தபுரம் ஆற்றுக்கால் பகவதி கோயிலைச் சுற்றிப் பல கிலோமீட்டர் தொலைவுக்குத் தெருவெல்லாம் அடுப்புகள் எழுகின்றன. மூன்று செங்கல், ஒரு மண்பானை, அரிசி, வெல்லம், தேங்காய், வேறொன்றும் வேண்டா. மதுரையை விட்டுச் சேரநாடு வந்த கண்ணகி ஆற்றுக்காலில் தங்கிச் சென்றாள் என்பது இங்குள்ளோர் நம்பிக்கை. கோயிலின் பண்டார அடுப்பில் மூட்டிய தீ, அடுப்பிலிருந்து அடுப்பாகக் கைமாறிச் செல்கிறது. 1997ஆம் ஆண்டில் 15 லட்சம் பெண்களும், 2009ஆம் ஆண்டில் 25 லட்சம் பெண்களும் பொங்கலிட்டதாகக் கின்னஸ் ஏடு பதிந்துள்ளது. பணக்காரர் வீட்டு அம்மையாரும் கூலி வேலை செய்யும் பெண்ணும் ஒரே நடைபாதையில் அருகருகே அமர்ந்து, ஒருவர் பானை பொங்கும்போது மற்றவரும் குலவையிட்டு மகிழ்கிறார்கள். நாகர்கோவிலிலிருந்தும் நெல்லையிலிருந்தும் வரும் நம் பெண்களும் அவ்வரிசையில் உண்டு.

ஊர் விட்டு வந்தோர்க்கு இக்காட்சி ஒன்றைச் சொல்லாமற் சொல்கிறது. அடுப்புக்கு மூன்று கல்லும், பானை ஒன்றும் கிடைத்த இடமெல்லாம் நம் வீடுதான். ஒரு நாள் கூட்டாஞ்சோறு ஆக்கும்போது இரண்டு கைப்பிடி அரிசியைக் கூட்டிப் போட்டு, அடுத்த அறையில் தனித்திருப்பவரையும் அழையுங்கள். ஒரே பானையில் வெந்த உணவைத் தனியே உண்பதைக் காட்டிலும் பகிர்ந்து உண்பதில் சுவை மிகுதி என்பது, நாம் உண்டு அறிந்த உண்மை.