மிசினின் அடியில் ஒரு கறை

இறைப்பு முடிந்து மிசினைத் தூக்கினால், அது இருந்த இடத்தில் கறுப்பாய் ஒரு வட்டம் கிடக்கும். காலால் கொஞ்சம் மண்ணைத் தள்ளி அதை மூடிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவோம். இரண்டு போகம் நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

1995இல் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்ட குடும்பம் எங்களுடையது. வன்னியில் ஊன்றிக்கொண்ட காணியையும் 2008இல் விட்டு ஓடினோம். 2010இல் திரும்பியபோது கிணறு இருந்தது, மிசின் இருக்கவில்லை. ஒரு சோடிக் காப்பை அடகு வைத்துப் பழைய 2 அங்குல மண்ணெண்ணெய் மிசின் ஒன்றை வாங்கினோம். அரை ஏக்கர் வெங்காயமும் மிளகாயும் அதை நம்பித்தான் நின்றன. உங்களில் பலருக்கும் இதுதான் கதை. சொந்தக் காணியோ குத்தகைக் காணியோ, மிசின் ஒன்றுதான் முதல். ஆகவே கறுப்பு வட்டத்தின் கணக்கை முதலில் பார்ப்போம்.

ஏறத்தாழ 20 துளி சேர்ந்தால் 1 மில்லிலீற்றர். மிசின் ஓடும்போது 10 விநாடிக்கு ஒரு துளி விழுந்தால் மணித்தியாலத்துக்கு 360 துளி, அதாவது 18 மில்லிலீற்றர். 5 மணித்தியால இறைப்பில் 90 மில்லிலீற்றர் போய்விடும். இந்தச் சின்ன மிசின்களின் அடித்தொட்டியில் பிடிக்கும் ஒயில் பெரும்பாலும் அரை லீற்றருக்குச் சற்றுக் கூட, அவ்வளவுதான். நான்கு இறைப்பில் பாதிக்கு மேல் மண்ணுக்குப் போய்விடும். இவற்றில் அநேகமானவற்றுக்கு ஒயிலை ஏற்றும் பம்பும் கிடையாது. பிஸ்ரன் தண்டின் அடியிலுள்ள சிறு கரண்டி ஒயிலில் அடித்துத் தெறிக்க வைப்பதுதான் உள்ளே எல்லாவற்றுக்கும் பூச்சு. மட்டம் இறங்கிக் கரண்டிக்கு எட்டாமற் போனால் சில நிமிடங்களில் பிஸ்ரன் இறுகிவிடும். வெங்காயம் முளைகொள்ளும் நேரத்தில் அது நடந்தால் என்ன ஆகும் என்பதை நாங்கள் சொல்லத் தேவையில்லை.

எங்கள் முதற் பிழை, கசிவைக் கண்டதும் சாவியை எடுத்ததுதான். பக்க மூடியைக் கழற்றிப் புதுப் பக்கிங் போட்டோம். ஒரு கிழமையில் மீண்டும் கசிந்தது. போல்ற்றுகளை இன்னும் இறுக்கினோம். அதிகமாகவே கசிந்தது. மூடி மெல்லிய தகடு. ஒரு பக்கம் மட்டும் இறுக்கினால் மறுபக்கம் வளைந்து கிளம்பும் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. கடைசியில், ஊரில் மிசின் திருத்தும் வயதான அண்ணை ஒருவரிடம் கொண்டு போனோம். அவர் அதைத் தொடவும் இல்லை.

“தம்பி, முதலிலை கழுவிக் காயவிட்டுக் கொண்டு வா. சேறும் ஒயிலுமாய்க் கிடக்கிற மிசினிலை எங்கையெண்டு நான் தேடுறது?”

எங்களுக்குக் கொஞ்சம் கோபம்தான். ஆனாலும் கழுவினோம். மிசின் நன்றாய் ஆறியிருக்க வேண்டும். பிளக் வயரைக் கழற்றிவிட்டு, மண்ணெண்ணெயில் நனைத்த பழைய தூரிகையால் மேலிருந்து கீழாகத் தேய்த்தோம். இதற்குப் பெற்றோலைத் தொடவே வேண்டாம். அடுப்படியிலிருந்தும் தள்ளியே வைத்துச் செய்யுங்கள். கழுவிய பின் துணியால் துடைத்து ஒருநாள் வெயிலில் விட்டோம்.

அடுத்து அண்ணை சொன்னது எங்களுக்குச் சிரிப்பை மூட்டியது. பிள்ளைக்குப் பூசுகிற பவுடரை மிசின் முழுவதும் தூவச் சொன்னார். சாம்பல் போதாதா என்று கேட்டோம். சாம்பலில் மணல் இருக்கும், அது உள்ளே போனால் அரைத்துவிடும் என்றார். தூவி, கீழே வெள்ளைத்தாள் விரித்துப் பத்து நிமிடம் ஓடவிட்டோம். வெள்ளைப் பூச்சில் கறுப்புக் கோடு இறங்குவது தெளிவாகத் தெரிந்தது.

இங்கே ஒன்றை மனதில் வையுங்கள். துளி விழும் இடம் கசியும் இடமன்று. ஒயில் வழிந்து கீழ் மூலையில் திரண்டுதான் விழுகிறது. குளிர்த்தும் விசிறியின் காற்று அதைப் பின்னுக்கும் தள்ளும். நனைந்த இடங்களுள் மிக உயரமானது எது என்று பார்க்க வேண்டும். நாங்கள் பக்கிங் மாற்றியது அடி மூடிக்கு. கோடு தொடங்கியதோ அதற்கு ஒரு சாண் மேலே, காபரேற்றருக்குப் பின்னாலுள்ள வால்வு மூடியில்.

அதையும் கழற்றப் போன கையை அண்ணை தடுத்தார். அளவு கம்பியை இழுத்து விரலில் தொட்டு மணந்து பாருங்கள் என்றார். ஒயில் மட்டம் குறைந்திருக்க வேண்டிய இடத்தில் கூடியிருந்தது. தண்ணீர்போல ஓடியது. மண்ணெண்ணெய் மணத்தது.

மண்ணெண்ணெயில் ஓடும் மிசின்களுக்கே உரிய வருத்தம் இது. மிசின் சூடேறுமுன் பெற்றோலிலிருந்து மண்ணெண்ணெய்க்கு மாற்றினால், எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரால் வழிந்து அடித்தொட்டிக்குப் போகிறது. தாங்கியின் குழாயைப் பூட்டாமல் விட்டு, காபரேற்றரின் ஊசியிலும் ஊத்தை இருந்தால் இரவிரவாக இறங்கும். மட்டம் ஏறும், ஒயில் மெலியும். மெலிந்த ஒயில் முன்பு கசியாத இடத்தாலும் கசியும். புதுப் பக்கிங் போட்டு என்ன பயன்? எங்கள் வீட்டில் குழாயைப் பூட்டுவது யாருடைய வேலை என்பதில் அன்றிரவு ஒரு சிறு சண்டையும் நடந்தது.

இன்னொரு காரணமும் இருந்தது. மிசினுக்கு மூச்சு வழி ஒன்று உண்டு, பிறீதர் என்பார்கள். எங்கள் மிசினில் அது வால்வு மூடிக்குள்ளேயே ஒரு சிறு தகடும் குழாயுமாய் இருந்தது. பிஸ்ரன் இறங்கும்போது உள்ளே அமுங்கும் காற்று அதனால் வெளியேற வேண்டும். எங்களுடையதில் கறுப்புக் களி அடைத்திருந்தது. காற்றுக்கு வழி இல்லாவிட்டால் அது ஒயிலைப் பக்கிங்காலும் சீலாலும் தள்ளும். களியை மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவி, குழாயை ஊதிப் பார்த்து மாட்டினோம்.

பழைய ஒயிலை முழுதாக இறக்கிப் புதிது விட்டோம், மிசினை மட்டமான இடத்தில் வைத்து, குறி வரைக்கும் மட்டும். கூட விட்டால் நல்லதென்று நினைப்பவர்கள் உண்டு. கூடினாலும் கசியும். இறக்கிய ஒயிலைக் கிணற்றடியில் ஊற்றாதீர்கள். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் நிலத்தில் மேலே ஊற்றியது கிணற்றுக்குள் வர அதிக காலம் எடுக்காது. சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது அங்குள்ள சனம் பட்ட பாட்டை அறிவோம். ஒரு கலனில் சேர்த்துக் கராச்சில் கொடுங்கள்.

வால்வு மூடிக்குப் பக்கிங்கை நாங்களே வெட்டினோம். பக்கிங் தாளை மூடியின் விளிம்பில் வைத்து ஒயில் விரலால் அழுத்தினால் அச்சு விழும், அதன்படி வெட்டலாம். பழைய பக்கிங்கைச் சுரண்டும்போது உலோகத்தில் கீறல் விழக்கூடாது. போல்ற்றுகளை எதிரெதிராக, கொஞ்சங் கொஞ்சமாக இறுக்க வேண்டும். பசையை அள்ளிப் பூசாதீர்கள், மிஞ்சியது உள்ளே உதிர்ந்து ஒயிலில் மிதக்கும்.

சுழல்தண்டின் ஒயில் சீல் கசிந்தால் வேலை பெரிது. சீலில் மூன்று இலக்கங்கள் இருக்கும்: உள் விட்டம், வெளி விட்டம், தடிப்பு. பழையதைக் கையோடு கடைக்குக் கொண்டு போங்கள். போடும்போது சுருள்வில் உள்ள பக்கம் ஒயிலைப் பார்த்திருக்க வேண்டும், உதட்டில் கொஞ்சம் கிறீஸ் தடவ வேண்டும். சில்லைக் கழற்ற வேண்டிவந்தால் சுத்தியலால் அடிக்காதீர்கள். இழுப்பான் இல்லாவிட்டால் திருத்துபவரிடம் விடுவதே மலிவு. ஒயில் பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, பம்பின் பக்கத்துச் சீலைப் பாருங்கள். வெளியே கசிவே இல்லாமல் ஒயில் குறைந்து, புகை நீலமாய் வந்தால் அது றிங் தேய்ந்த விசயம். அதை இங்கே எழுதப் போவதில்லை.

2022 ஓகஸ்ற்றில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியபோது, குழாயைப் பூட்டும் பழக்கம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் வந்துவிட்டது. நிறுத்துவதற்கு முன் கொஞ்சம் பெற்றோலில் ஓடவிடுவதையும் பழகிக்கொண்டோம். மறுநாள் கிளப்புவதும் இலகு.

திருத்திய அன்று இரவு மிசினின் கீழ் வெள்ளைத்தாள் ஒன்றை விரித்து வைத்தோம். காலையில் அதில் இரண்டு துளி. ஒயில் இறக்கும் ஆணியிலிருந்து. அதன் செப்பு வளையத்தைக் கழற்றி, அடுப்பில் மங்கற் சிவப்பாகும் வரை காய்ச்சி, தண்ணீரில் போட்டு எடுத்தோம். காய்ச்சிய செப்பு மெதுமையாகி மீண்டும் படியும். ஆணியை மாட்டி, தாளையும் மாற்றி வைத்துவிட்டு இறைப்புக்குப் போனோம்.