பொண்ணுக்கு மதில்; பையனுக்கும் எதற்கு?

பேரிலேயே பள்ளி இருக்கிற ஊர் காட்டுப்பள்ளி. அங்கேயும் பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களிலும் பெண் பிள்ளை பெரியவளானால் வீட்டில் ஒரு கேள்வி வரும்: "பொண்ணை மேலே படிக்க எங்கே சேர்க்கிறது?"

பையன்களும் படிக்கிற பள்ளி என்றால் தகப்பனார் தலையைச் சொறிகிறார். "சிஸ்டருங்க நடத்துற பொம்பளைப் புள்ளைங்க ஸ்கூல்" என்றால் முகம் மலர்கிறது. அங்கே படித்தால் முழுப் படிப்பு கிடைக்குமா, பாதிதானா?

சென்னையில் இது பழைய கதை. அயர்லாந்திலிருந்து கப்பலேறிய பிரசண்டேஷன் கன்னியாஸ்திரிகள் 1842-ல் ஜார்ஜ் டவுனுக்கு வந்து பெண்களுக்குப் பாடம் சொல்ல ஆரம்பித்தார்கள். பெண்ணை வாசல் தாண்ட விடாத காலம். மதில் இருந்ததால்தான் அனுப்பினார்கள்! அதே சபையின் சர்ச் பார்க் கான்வெண்ட் 1909-ல் வந்தது. ஜெயலலிதா படித்தது அங்கேதான்.

கிடார் பிடித்த மாணவி

பெப்சி கம்பெனியின் தலைவியாக இருந்த இந்திரா நூயி, தி.நகர் ஹோலி ஏஞ்சல்ஸ் மாணவி. அங்கே தோழிகளோடு சேர்ந்து ஒரு இசைக்குழு வைத்திருந்தார். பெயர் 'லாக்ரிதம்ஸ்'. கணக்கு வகுப்பின் லாகரிதம் அட்டவணையிலிருந்து பிடித்த பெயர்! கிடார் வாசித்தது நூயிதான். பையன்களே இல்லாத இடத்தில் கிடாரும் பெண்ணுக்கு, மைக்கும் பெண்ணுக்கு, கேப்டன் பட்டையும் பெண்ணுக்கு. "நீ தள்ளிக்கோ" என்று சொல்ல ஆள் கிடையாது.

பையன்கள் பள்ளிதான் நமக்கு இடிக்கிறது. மார்க், மைதானம், ஒழுக்கம் எதிலும் குறை சொல்ல முடியாது. ஆனால் வாத்தியார் கேட்ட கேள்விக்கு ஒரு பெண் முந்திக்கொண்டு பதில் சொல்வதைப் பார்க்காமலே வெளியே வருகிறான். பிறகு ஆபீசில் பெண் அதிகாரி வந்தால் திருதிரு என்று முழிக்கிறான். அக்கா, தங்கச்சி இருந்தால் தப்பித்தான்! செஸ் மன்னர் விஸ்வநாதன் ஆனந்த் எழும்பூர் டான் பாஸ்கோவில் படித்தவர். அவருக்குச் செஸ் கற்றுக்கொடுத்தது யார்? அம்மா!

கேரளத்துக் குழந்தைகள் உரிமைக் கமிஷன், தனித்தனிப் பள்ளியே வேண்டாம், 2023-24 முதல் எல்லாம் சேர்ந்தே படிக்கட்டும் என்று 2022 ஜூலையில் உத்தரவு போட்டது.

மார்க் விஷயம்? 21 நாடுகளில் 16 லட்சம் பிள்ளைகளைப் பற்றிய 184 ஆய்வுகளை 2014-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் ஒன்றாக அலசினார்கள். ஒழுங்காகச் செய்த ஆய்வுகளில், தனியாகப் படித்தாலும் சேர்ந்து படித்தாலும் வித்தியாசம் சொற்பம்தான்.

ஆகவே காட்டுப்பள்ளித் தாய்மார்கள் மதிலின் உயரத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். உள்ளே போய்க் கேளுங்கள். லேப் இருக்கா? பிளஸ் டூவில் பிசிக்ஸ், கணக்கு குரூப் இருக்கா? ஊர் வாசலிலேயே துறைமுகம் இருக்கிறது; அங்கே இன்ஜினீயர் வேலைக்கு அந்தப் படிப்புதான் வேண்டும். விளையாட்டு பீரியடில் பந்து கொடுக்கிறார்களா, இல்லை கணக்கு டீச்சர் அதையும் எடுத்துக்கொள்கிறாரா?

அப்புறம், ஸ்பெஷல் கிளாஸ் முடிந்தால் வீட்டுக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு?